மகஜரில் ஒரே வரி

"கருப்பு நிற ஆண்ட்ராய்டு செல்போன் ஒன்று, இடது மூலையில் கண்ணாடி உடைந்த நிலையில், சிம் கார்டுடன்." காவல் நிலையத்தில் எழுதும் கைப்பற்றுதல் மகஜரில் ஒரு மனிதரின் போனுக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான். சிலவற்றில் ஐஎம்இஐ எண்ணும் இருக்கும். அதைப் பார்த்தால், எழுதிய ஏட்டையாவை மனதுக்குள் வாழ்த்துவேன். மேல் வரியில் ஒரு பட்டாக்கத்தி, கீழ் வரியில் ஒரு டூவீலர், நடுவில் போன். மூன்றும் ஒரே ரகம் என்றுதான் அந்தத் தாள் நினைக்கிறது.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு தாலுகா கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவள். தொழிலுக்கு வந்த புதிதில் மகஜர்களில் அரிவாளும் சைக்கிளும் சேவற்கட்டுச் சேவலும்தான் வரும். இன்று அடிதடியானாலும் சீட்டுப் பண மோசடியானாலும் போன் இல்லாத வழக்குக் கட்டு அரிது. கத்தியைப் பிடித்தால் கத்தியோடு கதை முடிந்தது. போனைப் பிடித்தால் அதற்குள் மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட், அண்ணனோடு நடக்கும் பாகப்பிரிவினைச் சண்டை, ஜிபே கணக்கு, மனைவியின் படங்கள் எல்லாம் கூடவே ஸ்டேஷனுக்குப் போகின்றன. வழக்கு அவர் ஒருவர் மீதுதான். மற்றவர்கள் யார் மீதும் எந்தப் புகாரும் கிடையாது.

போனைப் பிடிப்பது ஒரு செயல், அதைத் திறந்து படிப்பது இன்னொரு செயல் என்பதுதான் நான் கோர்ட்டில் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது. முதலாவதற்குச் சட்டத்தில் பிரிவு உண்டு, படிவம் உண்டு, சாட்சிக் கையெழுத்து உண்டு. இரண்டாவது, முதலாவதின் நிழலில் ஒளிந்துகொண்டு சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

பல நேரம் முதலாவதுகூட முறையாக நடப்பதில்லை. தறிப்பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்பிய ஒரு தம்பி என்னிடம் வந்தான். வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

"லைசென்ஸ் கேட்டாங்க மேடம், குடுத்தேனுங்க. ஆர்சி கேட்டாங்க, குடுத்தேனுங்க. அப்புறம் போனைக் குடுன்னாங்க, லாக்கை எடுன்னாங்க."

"எதுக்குன்னு கேட்டியா தம்பி?"

"எப்படிங் மேடம் கேக்கறது? கேட்டா வண்டியும் போயிருமுங்க."

வாட்ஸ்அப் தேடல் பெட்டியில் 'கஞ்சா' என்று தட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பெண் அனுப்பிய செய்தி கண்ணில் பட்டிருக்கிறது. அதை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்ற இருவர் சிரித்திருக்கிறார்கள். அவனுக்கு வலித்தது அதுதான். வழக்கே இல்லாததால் நான் செய்யவும் பெரிதாக ஒன்றும் இல்லை. புகார் மனு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாமுங்க, தினமும் அந்த வழியாத்தானுங்க போகணும்" என்று எழுந்து போனான்.

இது ஏதோ ஒரு ரோட்டில் ஓர் இரவு நடந்த அத்துமீறல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் போலீஸார் பாதசாரிகளையும் வண்டியில் போனவர்களையும் நிறுத்தி, கஞ்சா பற்றிய சொற்கள் இருக்கின்றனவா என்று வாட்ஸ்அப்பில் தேடிய வீடியோக்கள் நாடு முழுக்கச் சுற்றின. யார் மீது எந்த வழக்கு விசாரணை நடக்கிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ரோட்டில் போகிற எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 185-ஆம் பிரிவின்படி வாரன்ட் இல்லாமல் சோதனை போட அதிகாரிக்கு முதலில் ஒரு வழக்கு விசாரணை கையில் இருக்க வேண்டும். எதைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார், வாரன்ட் வாங்கும்வரை ஏன் காத்திருக்க முடியாது என்று எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மேஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 'இந்த ரோட்டில் வருகிற போனையெல்லாம் திற' என்பதற்கு இதில் வழியில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போன்ற தனிச் சட்டங்கள் கூடுதல் அதிகாரம் தருகின்றன என்பது உண்மை. அவையும் நியாயமான சந்தேகத்தைக் கேட்கின்றனவே தவிர, குருட்டாம்போக்கில் தேடச் சொல்லவில்லை. ஆனால் தம்பி லாக்கைத் தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டானே, 'சம்மதத்தோடுதான் பார்த்தோம்' என்று சொல்லிவிடலாம். நள்ளிரவில் மூன்று சீருடைகளுக்கு நடுவில் கிடைத்த சம்மதம்!

இதைவிட மோசமானது காதல் திருமண விவகாரங்களில் நடப்பது. எங்கள் பக்கத்தில் அது எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மகளைக் காணவில்லை என்று அப்பா புகார் கொடுப்பார். இரண்டு மூன்று நாளில் பெண் வேறு சாதிப் பையனோடு, கையில் திருமணச் சான்றோடு ஸ்டேஷனுக்கு வருவாள். இருபத்தோரு வயது, படித்தவள். 'காணவில்லை' வழக்கு அந்த நிமிடமே முடிந்துவிட்டது. நான் போன ஒரு விவகாரத்தில் அதற்குப் பிறகுதான் எல்லாமே தொடங்கியது. "போனைக் குடும்மா, பார்த்துட்டுத் தர்றோம்" என்றார்கள். கொடுத்தாள். அது மேஜை தாண்டி அப்பாவின் கைக்குப் போய்விட்டது. 'அப்பாதானே' என்பது ஸ்டேஷன் நியாயம். நான் போய்ச் சேரும்போது பெண்ணின் பெரியப்பா ஒவ்வொரு செய்தியாகத் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தோழியின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. அன்று சாயங்காலமே அந்தத் தோழி வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

இதற்கு மகஜர் இல்லை, ரசீது இல்லை. பறிமுதல் என்று யாருமே சொல்லவில்லையே. ஒரு போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது, அவ்வளவுதான். சேதம் எல்லாம் அதைத் திறந்ததில்தான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமையில் அடங்கியது என்று தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. ஆதாரை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு அது. அப்படியொரு உரிமையே இல்லை என்று மத்திய அரசு வாதாடியது. அதற்குக் கையில் இருந்தவை இரண்டு பழைய தீர்ப்புகள். ஒன்று, டால்மியா குழும நிறுவனங்களில் நடந்த சோதனை பற்றிய 1954-ஆம் ஆண்டின் எம்.பி.சர்மா வழக்கு. மற்றது, உத்தரப் பிரதேசத்தில் ஒருவர் வீட்டுக் கதவைப் போலீஸ் இரவில் தட்டிக்கொண்டிருந்தது பற்றிய 1962-ஆம் ஆண்டின் கரக் சிங் வழக்கு. அந்தரங்க உரிமையை மறுத்த அளவில் இரண்டையும் ஒன்பது பேரும் தள்ளிவைத்தார்கள். அரசு ஒருவரின் அந்தரங்கத்தில் கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டக் கூடாது என்றார்கள். 547 பக்கத் தீர்ப்பு. தாலுகா கோர்ட்டில் நான் அதை நீட்டும்போதெல்லாம் மரியாதையோடு வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

புதிய சட்டம் எழுதியபோது போனுக்கென்று தனி அத்தியாயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. 94-ஆம் பிரிவில் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரத்தோடு டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய தகவல் தொடர்புக் கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். 105-ஆம் பிரிவில் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும், முடிந்தவரை செல்போனிலேயே, என்று சொன்னார்கள். இது நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். அதற்கென்றே இ-சாக்ஷ்யா செயலியும் இருக்கிறது. ஒரு போன் பிடிபடுவதை இன்னொரு போன் படம் பிடிக்கிறது. ஆனால் பிடித்த போனைப் பிறகு எந்த அறையில், யார், எத்தனை மணிக்குத் திறந்தார், எதுவரை படித்தார் என்பதற்கு வீடியோ கிடையாது. அதற்குத் தனி வாரன்ட் வாங்கு என்றும் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இந்தக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். 2009-இல் சான் டியாகோவில் டேவிட் ரைலி என்பவரின் காரை, பதிவு காலாவதியானதற்காக நிறுத்தினார்கள். காரின் முன்மூடிக்குக் கீழே துப்பாக்கிகள் கிடைத்தன. கைதானவரின் பையிலிருந்த ஸ்மார்ட்போனைத் திறந்து பார்த்ததில் படங்களும் வீடியோக்களும் கிடைத்தன. அவை அவரை ஒரு துப்பாக்கிச் சூட்டோடு கோத்தன. கைதானவரின் சட்டைப்பையைச் சோதிக்க வாரன்ட் வேண்டாம் என்பது அங்கே பழைய விதி. சிகரெட் பெட்டிக்குள் ஹெராயின் இருந்த ஒரு வழக்கில் 1973-இல் உறுதியானது. போனும் பையில் இருந்ததுதானே என்றது அரசுத் தரப்பு. 2014 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் மறுத்தார்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்: போனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், உள்ளே பார்க்க வாரன்ட் வாங்கி வா, உயிர் போவது போன்ற அவசரம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. சாதாரண மடக்கு போன் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கையும் இதோடு சேர்த்தே முடித்தார்கள்.

இந்தத் தீர்ப்பை இங்கே எடுத்துச் சொல்லும் இளம் வக்கீல்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே விதியை மீறி எடுத்த சாட்சியத்தைப் பொதுவாகக் கோர்ட் ஏற்காது. அதனால் போலீஸ் பயப்படுகிறது. நம் நாட்டில் 1970-களில் வந்த பூரண்மல் தீர்ப்பு, சோதனை சட்டவிரோதமாக இருந்தாலும் கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதென்றால் சாட்சியமாக ஏற்கலாம் என்று வழிவிட்டது. வருமான வரிச் சோதனை வழக்கு அது. ஆக, உரிமை மீறப்பட்டது உண்மை, கிடைத்த சாட்சியமும் செல்லும். 2017-க்குப் பிறகும் இந்த நிலை நீடிப்பது எனக்குப் பொருந்தவில்லை. தப்பாகத் திறந்ததற்கு விலையே இல்லாதபோது எந்த எஸ்.ஐ. வாரன்ட் தேடி மேஜிஸ்திரேட் வீட்டுக்கு ஓடுவார்?

கட்சிக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாஸ்வேர்டு சொல்லணுமா வக்கீலம்மா?" குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(3). கைரேகையும் கையெழுத்தும் அப்படிச் சாட்சி சொல்வதாகாது என்று 1961-இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது. மனதுக்குள் இருப்பதை உண்மை கண்டறியும் ஊசியும் கருவியும் கொண்டு சம்மதமின்றி எடுக்கக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாஸ்வேர்டு இருப்பது விரலிலா மனதிலா? கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல், பாஸ்வேர்டு தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது, ஆனால் போனுக்குள் தேட வாரன்ட் வாங்க வேண்டும் என்றது. டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2022-இல், பாஸ்வேர்டைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது, நிபுணர்களை வைத்துத் திறந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டுக்கும் நடுவில் நின்று, அன்றைக்கு எது உதவுமோ அதைக் காட்டி வாதாடுவது எங்கள் பிழைப்பு.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. உள்துறைச் செயலர் மட்டத்தில் முறையான ஆணை வந்த பிறகு பூட்டைத் திறக்க உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஸ்டேஷனில் இதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எஸ்.ஐ. வாயால் சொல்வது அந்த ஆணை ஆகாது.

விரலும் எண்ணும் ஒன்றல்ல என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். கையைப் பிடித்துப் போன் மீது அழுத்தினால் திறந்துகொள்ளும். எண்ணை அப்படிப் பிடுங்க முடியாது. போனை அணைத்து மறுபடி போட்டால் முதல் தடவை விரலையோ முகத்தையோ ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். அதுவரை உள்ளிருப்பவை பெரும்பாலும் பூட்டிய நிலையிலேயே இருக்கும். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வழக்கு வருகிறது என்று தெரிந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்தது தனிக் குற்றமாக வந்து சேரும்.

பெரிய இடங்களில் இந்த விவாதம் நன்றாகவே நடக்கிறது. 2023 அக்டோபரில் டெல்லியில் நியூஸ்கிளிக் செய்தியாளர்களின் போன்களையும் லேப்டாப்களையும் அள்ளிச் சென்றபின், நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம், கருவிகளைக் கைப்பற்ற வழிகாட்டு நெறிகள் வேண்டும், புலனாய்வு அமைப்புகளுக்கு இப்படிக் கட்டற்ற அதிகாரம் இருப்பது ஆபத்து என்றது. நெறிகள் வரும்வரை மத்திய அமைப்புகள் சிபிஐயின் 2020-ஆம் ஆண்டுக் கையேட்டைப் பின்பற்றும் என்று அரசு டிசம்பரில் உறுதி சொன்னது. 2024 டிசம்பரில் லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினிடமும் அவருடைய ஊழியர்களிடமும் எடுத்த கருவிகளுக்குள் நுழையவோ நகலெடுக்கவோ கூடாது என்று அமலாக்கத் துறையை உச்ச நீதிமன்றம் தடுத்தது. போன் கையில் இருக்கலாம், திறக்கக் கூடாது! நான் கேட்டுக்கொண்டிருப்பதும் இதுதானே. 2025 பிப்ரவரியில், அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்தது தொடர்பாகப் பத்திரிகையாளர்களிடம் சிறப்புப் புலனாய்வுக் குழு வாங்கி வைத்த போன்களைத் திருப்பித் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதிபருக்கும் நிருபருக்கும் கிடைத்தது தறிப்பட்டறைத் தம்பிக்கும் கிடைக்க வேண்டும். அவனுக்கு உயர் நீதிமன்றம் என்பது சென்னைக்குப் பஸ் டிக்கெட், வக்கீல் பீஸ், இரண்டு நாள் கூலி.

முறைப்படி திறந்தால் போலீஸுக்கும் லாபம் என்பதை ஒரு வழக்கில் நேராகவே பார்த்தேன். தடய அறிவியல் லேபில் வேலை செய்யும் முறை வேறு. போன் சிக்னல் புகாத பையில் வர வேண்டும். இஸ்ரேல் நிறுவனமான செலிபிரைட் தயாரிப்பது போன்ற கருவிகளால் உள்ளிருப்பதை அப்படியே நகலெடுப்பார்கள், அழித்த செய்திகளில் மீட்க முடிந்தவை உட்பட. நகலுக்கு ஹாஷ் என்று ஒரு நீண்ட எண்ணெழுத்துத் தொடர் கணக்கிடுவார்கள். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் தொடர் வேறாகிவிடும். 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷைக் குறிக்கச் சொல்லிப் படிவமே இருக்கிறது. என் வழக்கில் போன் லேபுக்குப் போகும் முன்பே ஸ்டேஷனில் திறந்து பார்த்திருந்தார்கள். எப்படித் தெரியும்? என் கட்சிக்காரர் சப்-ஜெயிலில் இருந்த நாட்களில் அவருக்குச் செய்தி அனுப்பியவர்களின் திரையில் நீல டிக் விழுந்திருந்தது. குறுக்கு விசாரணையில் புலனாய்வு அதிகாரியிடம் கேட்டேன்: "ஜெயிலில் போன் உண்டா?" இல்லை என்றார். "அப்படியானால் படித்தது யார்?" பதில் இல்லை. பிறகு அந்த வாட்ஸ்அப் உரையாடல்களை நம்பச் சொல்லி அரசு வக்கீல் பட்ட பாடு பெரும்பாடு.

போனைத் திருப்பி வாங்குவது தனிப் பாடு. மனு போடலாம், 503-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் போனைப் பிடித்த தகவல் கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும், கைப்பற்றிய பொருட்களைக் குறிக்கும் படிவம் 95-இல் ஏறியிருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை இல்லாமல் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் போட்டு விசாரிக்கும் சில்லறைப் புகார்களில் போன் ரைட்டர் மேஜை டிராயரில் கிடக்கும். கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். அந்த நாளைகளில் இஎம்ஐ போய்க்கொண்டே இருக்கும், ஓடிபி வராது, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஆப்பில் சவாரி வராது. அதனால்தான் போனைக் கொடுக்க நேர்ந்தால் ஒரு துண்டுச் சீட்டிலாவது ஐஎம்இஐ எண், தேதி, வாங்கியவர் பெயர் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள் என்கிறேன். கைதானவரிடம் எடுத்தால் ரசீது தர வேண்டும் என்பது 49-ஆம் பிரிவு. ஐஎம்இஐயை இப்போதே ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடித்துப் பார்த்து வீட்டில் குறித்து வையுங்கள்.

சமீப காலமாக என் மனுக்களில் ஒரு வேண்டுதலைக் கூடுதலாகச் சேர்க்கிறேன். போனைத் திருப்பித் தரும்போது, வழக்குக்குத் தொடர்பில்லாத நகலையும் அழித்து, அழித்ததற்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்பது அது. போன் வீட்டுக்கு வந்துவிடும், அதன் முழு நகல் ஒரு ஹார்டு டிஸ்கில் அங்கேயே இருக்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே கைகொடுக்காது. குற்றப் புலனாய்வுக்கு அதன் 17-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

போன மனுவில் மேஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நகலை அழிக்கச் சொல்ல எந்தப் பிரிவும்மா?" என்றார். புட்டசாமி தீர்ப்பை நீட்டினேன். "அது தெரியும். பிரிவு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிரிவு எதுவும் இல்லை. போனை விற்கக் கூடாது, கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு பத்தாயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் திருப்பித் தர உத்தரவிட்டார். நகல் பற்றிய வேண்டுதல் தள்ளுபடி. அந்த ஒரு வரியை எதிர்த்துச் செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு மனு போட்டிருக்கிறேன்.